தகட்டின் மறுபக்கம்

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கொட்டகை போட நினைக்கிறவர்கள், மரம் உளுத்துப்போகுமா, கரையான் அரிக்குமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்காகவே மருந்து ஏற்றிய மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். நல்ல காரியம். அதே மரத்தின் மேல் அடிக்கிற ஓரத் தகடு என்ன ஆகும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை!

நண்பர் ஒருவர் தன் கொட்டகையைப் பார்க்கக் கூப்பிட்டார். கதவு நிலையைச் சுற்றி அலுமினியத் தகடு, வெள்ளை பெயிண்ட், பளிச்சென்று இருந்தது. கீழ் மூலையில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தகட்டைக் கழற்றினோம். பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி, நடுநடுவே ஊசித் துளைகள். ஓர் இடத்தில் மட்டும் தகடு புடைத்து, மரத்தைத் தொடாமல் நின்றிருந்தது. அங்கே அப்படியே புதுசு. கவனித்தீர்களா, தொடாத இடம் புதுசு. நண்பரோ தகடு விற்றவரைத் திட்டித் தீர்த்தார். பாவம், அவர் என்ன செய்வார்?

மரத்துக்கு ஏற்றுகிற மருந்தில் பெரும்பாலும் தாமிரம் இருக்கிறது. ஈரம் பட்டால் அது கரைந்து தகட்டில் போய்ப் படியும். தாமிரத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். இரும்பின் மேல் பூசுகிற துத்தநாகப் பூச்சுக்கும் அதே கதி. அமெரிக்காவில் ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு நிறுத்திவிட்டார்கள். மனிதருக்கு நல்லது. ஆனால் பதிலுக்கு வந்த மருந்துகளில் தாமிரம் இன்னும் கூடுதல்.

தொடுகையும் ஈரமும் சேர்ந்தால்தான் அரிப்பு. ஆகவே மரத்தை நன்றாகக் காயவிடுங்கள். மருந்து ஏற்றிய கையோடு வருகிற மரம் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். பிறகு தகடு உட்காரும் இடமெல்லாம் பியூட்டில் டேப், அதாவது ரப்பர் மாதிரியான ஒட்டுப் பட்டை, ஒட்டுங்கள். தகட்டில்தான் பெயிண்ட் அடித்திருக்கிறதே என்பார்கள். வெட்டிய விளிம்பில் ஏது பெயிண்ட்? திருகு ஏறும் ஓட்டையில் ஏது பெயிண்ட்? மறுபடியும் சொல்கிறேன், தகடு மரத்தைத் தொடக் கூடாது.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். திருகைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். மெல்லிய முலாம் பூசிய பளபளப்புத் திருகு இந்த மரத்துக்கு ஆகாது. ஓரத்துக்குத் தகடே வேண்டாம், வினைல் என்கிற பிளாஸ்டிக் போதும் என்றால் இந்த டேப் வேலையும் மிச்சம். வணக்கம்.