எலும்புக்கூட்டையே கழற்றிப் போடும் உயிர்கள்

வணக்கம். சட்டை உரிப்பது என்றதும் பாம்புதான் நினைவுக்கு வரும், ஆனால் பாம்பு உரிப்பது மேல்தோலின் செத்த அடுக்கை மட்டும்தான், அதன் எலும்புக்கூடு உள்ளே பத்திரமாக இருக்கிறது. நண்டு, இறால், சிலந்தி, கரப்பான்பூச்சிக்கெல்லாம் வெளியே இருக்கும் ஓடுதான் எலும்புக்கூடு. தசைகள் பிடித்திருப்பதே அதில்தான். ஒருமுறை இறுகிவிட்டால் அது பெரிதாகாது, அதனால் உடம்பு வளர வேண்டுமென்றால் அதைக் கழற்றியே ஆக வேண்டும்.

இந்த வேலை நம் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். தோல் செல்கள் பழைய ஓட்டைவிட்டு விலகி, அடியில் புதியதைச் சுருக்கம் சுருக்கமாக உருவாக்குகின்றன, இடையில் சுரக்கும் நொதிகள் பழைய ஓட்டின் உட்பகுதியைக் கரைக்க, கரைந்ததை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் பூச்சி காற்றை விழுங்கும், நண்டு தண்ணீரை உள்ளே இழுக்கும், உடம்பு உப்பி ஓடு பிளக்கும். வெளியே வருவது ஓடு மட்டுமல்ல. முன்குடல், பின்குடல் இவற்றின் உட்படலமும், பூச்சிகளில் மூச்சுக்குழாய்களின் உட்படலமும் சேர்ந்தே உருவிக்கொண்டு வரும்! கால் சிக்கிச் சாவதும் உண்டு. தப்பித்து வந்தாலும் ஓடு இறுகும்வரை மெத்தென்று இருக்கும் உடம்பு யாருக்கும் எளிதான இரை. வெள்ளைக் கரப்பான் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், அது தனி இனம் இல்லை, அப்போதுதான் உரித்து வந்தது. லாபமும் இருக்கிறது, உடைந்துபோன கால் அடுத்த உரிப்பில் சிறிதாக முளைத்துவிடும்.

இத்தனையையும் தொடங்கிவைப்பது எக்டைசோன் என்ற ஹார்மோன். 1954-இல் பூட்டெனான்ட், கார்ல்சன் என்ற இரு ஜெர்மன் விஞ்ஞானிகள் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது 25 மில்லிகிராம்!

சரி, உருளைப்புழுவும் இப்படித் தோலுரிக்கும், அது இதில் எங்கே வருகிறது? அதற்குக் காலும் இல்லை, உடம்பில் வளையம் வளையமான கண்டங்களும் இல்லை, தோலும் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். ஆய்வகங்களில் வளர்க்கும் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழு வளர்ந்து முடிவதற்குள் நான்கு முறை உரிக்கும். ஆனாலும் உடம்பு கண்டம் கண்டமாக இருக்கிறது என்பதற்காகப் பூச்சிகளை மண்புழுவோடுதான் நெடுங்காலம் சேர்த்துவைத்திருந்தார்கள். 1997-இல், செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது கணக்கு மாறியது, பூச்சிக்கு நெருக்கம் மண்புழு இல்லை, உருளைப்புழுதான். தோலுரிக்கும் இந்தக் கூட்டத்துக்கு எக்டைசோசோவா என்று பெயர் வைத்தார்கள், நீர்க்கரடி என்ற எட்டுக்கால் நுண்ணுயிரும் இதில் சேர்த்தி. சண்டை உடனே ஓயவில்லை, முதலில் வந்த சில மரபணுத் தொகுப்பு ஆய்வுகள் எதிராகப் பேசின, இப்போது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த சிக்கல் இனிமேல்தான். எலிகன்ஸ் புழுவில் எக்டைசோன் ஏற்பியே, அதாவது அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதமே, இல்லை, ஆனால் பூச்சிகளில் அந்த ஏற்பிக்குக் கீழே வேலை செய்யும் சில புரதங்களுக்கு உறவான புரதங்கள் இல்லாமல் இந்தப் புழுவால் உரிக்க முடியாது. யானைக்கால் நோய் தரும் புருகியா மலாயி புழுவிலோ அந்த ஏற்பி இருக்கிறது. அது கொசுவுக்குள் இரண்டு முறையும் மனித உடம்புக்குள் இரண்டு முறையும் தோலுரிக்கிறது, அந்த உரிப்பைத் தடுக்கும் மருந்துக்கு இந்த ஏற்பி ஒரு குறியாகுமா என்று ஆராய்கிறார்கள்.