பீலிக்கரையில் ஒரு முறை உண்டு

நடுவர் ஐயா அவர்களே, இந்தக் குளிரிலும் ஹட்டனுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

“டவரின் டேட்டா சேனலைப் பகிரும்போது பார்க்க வேண்டியது மொத்த வேகமா, ஒவ்வொருவரின் பங்கா?” இதுதான் தலைப்பு. பங்குதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் சொன்னார்: சிக்னல் நன்றாக உள்ளவருக்கே கொடுங்கள், டவர் அதிக டேட்டாவை அனுப்பி முடிக்கும் என்று. கணக்கு சரிதான். ஆனால் நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வாருங்கள். வாயகன்ற அண்டாவில் தண்ணீர் சிந்தாது, போத்தலில் பிடித்தால் பாதி வெளியே போகும். அதற்காக அண்டாக்கார அக்காவே நாள் முழுக்கப் பிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறோமா?

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது என் தங்கச்சி மகள் லயத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏறித்தான் பாடம் கேட்டாள். டவுனில் டவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் அவளுக்கும் ஒரே டவர்தான். அண்ணன் சொல்லும் முறையில், டவுன்காரர் பார்த்து முடிக்கும்வரை அவளுக்கு முறை வராது.

சரி, எல்லாருக்கும் சம வேகம் கொடுக்கலாமா? அதையும் நாங்கள் கேட்கவில்லை. சிக்னல் குறைந்தவருக்கு அதே அளவு டேட்டாவை அனுப்ப நேரம் அதிகம் பிடிக்கும். டவரின் நேரமெல்லாம் அங்கேயே கரைந்து எல்லாரும் மெதுவாகிவிடுவோம்.

நாங்கள் கேட்பது விகிதாசார நியாயம். 4ஜியில் டவர் ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கிறது. ஒவ்வொரு போனும் தன் சிக்னல் தரத்தை 0 முதல் 15 வரையுள்ள ஓர் எண்ணாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வைத்து, இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை இதுவரை கிடைத்த சராசரியால் வகுக்க வேண்டும். விடை யாருக்குப் பெரிதோ, அவருக்கே முறை. டவுன்காரருக்கு இப்போது 12 மெகாபிட் வரும், இதுவரை சராசரி 10 என்று வைப்போம், விடை 1.2. பிள்ளைக்கு இப்போது 2 வரும், இதுவரை கிடைத்தது அரை, விடை 4. பிள்ளைக்குத்தான் முறை!

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மலையிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று சில நேரம் கூட்டும், சில நேரம் அழிக்கும். அதனால் பாறைமேல் இருக்கும் பிள்ளையின் சிக்னலும் ஏறி இறங்கும். அது ஏறியிருக்கும் கணம் பார்த்துத்தான் இந்த முறை அவளுக்குக் கொடுக்கிறது. அப்புறம் மொத்த வேகம் எங்கே பாழாகிறது, அண்ணே?

இந்த நியாயத்துக்கு 1997இல் கேம்பிரிட்ஜின் ஃபிராங்க் கெலி கணித வடிவம் தந்தார். இந்தப் பகிர்வை வேறு எப்படி மாற்றினாலும், வேகம் கூடியவர்களின் சதவீத லாபங்களைக் கூட்டினால், அது வேகம் குறைந்தவர்களின் சதவீத நட்டங்களின் கூட்டலை மிஞ்சாது.

எதிரணித் தங்கை கேட்டார்: “சராசரி என்கிறீர்களே, எவ்வளவு நேரத்துச் சராசரி?” நல்ல கேள்வி. நேரத்தை நீட்டினால் நல்ல கணத்துக்காக டவர் நிறையக் காத்திருக்கலாம், ஆனால் பிள்ளையின் பாடம் நின்றுவிடும். 1.67 மில்லிசெக்கன் துண்டுகளாகப் பகிர்ந்த பழைய 3ஜி முறையில், சுமார் ஆயிரம் துண்டுகளின் சராசரியைப் பார்ப்பது வழக்கம். அதாவது ஒன்றரை செக்கனுக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவு நேரம் அவள் பொறுப்பாள், நடுவர் ஐயா. டவுன்காரர் படம் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பாறையில் பனியில் காத்திரு என்று அவளிடம் சொல்லாதீர்கள்.