மலைக்க வைக்கும் ஒரு சொல்

நண்பர்களே, இன்றைக்கு ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'டான்டிங்'.

அகராதியைப் புரட்டினால் 'அச்சுறுத்தும்', 'மிரட்டும்' என்று இருக்கும். அதை நம்பி, ஒருமுறை 'டான்டிங் டாஸ்க்' என்பதைப் 'பயங்கரமான பணி' என்று மொழிபெயர்த்தேன். மறுநாள் படித்தபோது நெருடியது. அந்த இடத்தில் ஒருவர் பத்து ஆண்டுக் கணக்குகளைச் சரிபார்க்க உட்காருகிறார், அவ்வளவுதான். பயங்கரம் எங்கிருந்து வந்தது?

பாம்பைப் பார்த்தால் பயம் வரும். அதை டான்டிங் என்பதில்லை. மேசை முழுக்கக் கட்டுக்கட்டாகக் கோப்புகள். கட்டிய நூல் பழுப்பேறி இறுகிக் கிடக்கிறது. முதல் முடிச்சை அவிழ்க்கவே கை போகவில்லை. 'நினைத்தாலே கண்ணைக் கட்டுகிறது' என்கிறோமே, அதுதான் டான்டிங். வேலை இன்னும் தொடங்கவில்லை, அதன் அளவே ஆளைத் திகைக்க வைத்துவிட்டது. இதற்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: மலைப்பு. 'மலைக்க வைக்கும் வேலை' என்றால் திகைப்பும் வந்துவிடுகிறது, நம்மால் ஆகுமா என்ற தயக்கமும் வந்துவிடுகிறது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். 'டான்ட்' என்ற வினை சுமார் 1300ஆம் ஆண்டுவாக்கில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கு மூலம் லத்தீன் 'டொமாரே', பழக்கி அடக்குதல். விலங்கைப் பழக்குவதைச் சொல்லும் ஆங்கில 'டேம்' இதற்கு உறவு. புலனடக்கத்தைக் குறிக்கும் வடமொழித் 'தமம்' கூட அதே வேரில் வந்ததுதான்! அப்படியென்றால், நாம் அடக்க வேண்டிய வேலை நம்மை அடக்கிப் போடுகிறது. எனக்கு இந்தச் சொல்லின் மீது பிரியம் வந்ததே இதனால்தான்.

சரி, எங்கே போடுவது? வேலை, பயணம், பெரிய தொகை, நீண்ட படிப்பு இவற்றுக்குப் போடலாம். ஆளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பார்த்தாலே ஒடுங்க வைக்கும் ஆளை 'இன்டிமிடேட்டிங்' என்பார்கள். வலுவான எதிராளியை 'ஃபார்மிடபிள்' என்றால் அதில் மரியாதையும் சேர்ந்திருக்கும்.

அப்புறம், மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஐ ஆம் டான்டிங்' என்றால், என்னைப் பார்த்து மற்றவர்கள் மலைக்கிறார்கள் என்று ஆகிவிடும். மலைப்பைத் தருவது டான்டிங், மலைத்து நிற்பவர் டான்டட். 'அன்டான்டட்' என்று வந்தால் மட்டும் மலைப்பைத் தேடிப் போக வேண்டாம். தோற்ற பிறகும் தொடர்ந்தவரைப் பற்றிய பேச்சு அது. அங்கே 'மனம் தளராமல்' என்று எழுதுங்கள், கச்சிதமாகப் பொருந்தும்.