நன்னாரியும் 300 ரூபாய் ஐஸும்

வணக்கம் உறவுகளே. முதலில் இந்தக் குப்பியைப் பாருங்கள். அடியில் ஊசி ஊசியாக மின்னுகிறதே, அதுதான் நன்னாரி வேரின் வாசனை. பளிங்காக்கிவிட்டேன்! வில்வங்காயோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி, பிசினோடு நான் நின்ற காணொளியைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

ஒட்டுசுட்டானில் எங்கள் காணிக் கரையில் தோண்டிய வேர், அரைக் கிலோ. இடித்து, கொதிநீராவியில் காய்ச்சி வடித்தேன். வடிந்த நீரை, எண்ணெயைக் கரைத்தெடுக்கும் எக்சேன் என்ற திரவத்தோடு குலுக்கிப் பிரித்து, எக்சேனை ஆவியாகவிட்டால் மிஞ்சியது மஞ்சள் எண்ணெய், சில துளி. சொல்ல மறந்துவிட்டேன், வேரை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வாசனை காற்றோடு போய்விடும்.

எண்ணெய் உறைய வேண்டுமே? வீட்டில் மின்வெட்டு. முல்லைத்தீவுக்குப் போய் மீன் வாடியில் ஐஸ் கேட்டேன். ஒரு துண்டு 300 ரூபாய்! மீன் வாங்கினால் சும்மா தருவார்களாம். எனக்கு எதற்கு மீன்? ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டியில் கட்டி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து அம்மா மூக்கைச் சுளித்து, "பாரை மீனா தம்பி?" என்றார். வீடு வந்தபோது பாதி தண்ணீர். 150 ரூபாயை பஸ் தரையில் ஊற்றியிருக்கிறேன்.

"இது வனிலாதானே" என்று எழுதியவர்களே, இல்லை. வனிலாவின் வாசனைப் பொருளான வனிலினுக்கும் இதற்கும் அணுக் கணக்கு ஒன்றுதான்: 8 காபன், 8 ஐதரசன், 3 ஒட்சிசன். மூலக்கூற்று நிறையும் ஒன்றே, 152. ஆனால் வனிலின் உருக 81 பாகை தாண்ட வேண்டும். நன்னாரியின் வாசனைப் பொருளான 2-ஐதரொட்சி-4-மெதொட்சிபென்சல்டிகைட்டு 41 முதல் 43க்குள் உருகும். நுண்குழாயில் துளி பளிங்கை அடைத்து, வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, கேத்தில் தண்ணீரில் பிடித்தேன். 39இல் வியர்த்து 41இல் தெளிந்தது. கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஐயமின்றிச் சொல்ல, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவி வேண்டும், அது என் குசினியில் இல்லை.

ஆவியோடு ஏன் ஏறி வருகிறது என்பதை விட்டுவிட்டேன், பாருங்கள். இதன் ஐதரொட்சில் கூட்டம் அல்டிகைட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டும் தமக்குள் ஐதரசன் பிணைப்புப் போட்டுக்கொள்கின்றன. மற்ற மூலக்கூறுகளை இறுகப் பிடிக்காமல் இலகுவாகக் கிளம்பிவிடும். வனிலினில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம்.

இவ்வளவையும் கேட்ட அம்மம்மா கேட்டார்: "41இல்தான் உருகும் என்றால், கிணற்றுக்குள் இறக்கியிருக்கலாமே?"

அழுக்கு எண்ணெய் அவ்வளவு சுலபமாக உறையாது, அம்மம்மா, என்று விளக்கினேன். அவர் வாளிக் கயிற்றை என் கையில் தந்துவிட்டுப் போனார்.