கவாத்துக் காயமும் வெள்ளி ஜெல்லும்

[காட்சி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைச் சரிவு. கவாத்து நடக்கிறது.]

வணக்கம். தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து நடக்கும் வாரங்களில் எங்கள் ஊரில் யாராவது ஒருவர் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் நடப்பார். போன வருடம் என் அத்தை. கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் வெட்டு. காப்பித்தூளை அப்பி, பழைய துணியால் கட்டி, வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நான்காம் நாள் விரல் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் புண்ணைக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு, மாத்திரையோடு ஒரு ஜெல்லும் எழுதிக் கொடுத்தார். வெள்ளி நானோ துகள் கலந்த ஜெல்.

"ஏப்பா, கொலுசு செய்யிற வெள்ளியா?" என்றார் அத்தை.

அதே வெள்ளிதான் அத்தை.

[காட்சி: ஒரு கண்ணாடி டம்ளரில் இலைத் தேயிலை, இன்னொன்றில் டஸ்ட் தூள். இரண்டிலும் வெந்நீர்.]

இதைப் பாருங்கள். டஸ்ட் தூளில் சாயம் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது! தூள் பொடியாகப் பொடியாக, தண்ணீர் தொடும் பரப்பு கூடுகிறது. வெள்ளிக்கும் இதே கணக்குதான். நானோ துகளின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அவ்வளவு பொடியாக இருப்பதால், மிகக் கொஞ்சம் வெள்ளியிலிருந்தே அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள வெள்ளி அணுக்கள், தொடர்ந்து கசிந்துகொண்டிருக்கும். கிருமியைக் கொல்வது பெரும்பாலும் இந்த அயனிகள்தான்.

எப்படிக் கொல்கிறது? கொலுசு நாளாக நாளாகக் கறுத்துப்போகிறது இல்லையா? காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி ஒட்டிக்கொள்வதால் வரும் கறுப்பு அது. பாக்டீரியாவின் புரதங்களிலும் கந்தகம் உண்டு. வெள்ளி அயனி அங்கே போய் ஒட்டினால் அந்தப் புரதம் வேலை செய்யாது. கிருமியின் வெளிச்சவ்வு ஓட்டையாகும், மூச்சுவிடும் அமைப்பு கெடும், டி.என்.ஏ.வும் பாதிக்கப்படும். ஒரே நேரத்தில் பல இடங்களில் அடி விழுவதால் கிருமி தப்பிப்பது கடினம். ஆனாலும் வெள்ளியைத் தாங்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அதனால் சின்னக் கீறலுக்கெல்லாம் இதைத் தடவ வேண்டாம்.

சரி, பொடியாகத் தூவாமல் ஏன் ஜெல்? "புண்ணைக் காற்றாட விடு, காயட்டும்" என்றுதான் நம் வீடுகளில் சொல்வார்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். காற்றில் காயவிட்ட புண்ணைவிட, மூடி ஈரமாக வைத்த புண்ணில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத்தோல் மூடியது. பொருக்கு கட்டிவிட்டால் புதுத்தோல் அதற்கடியில் வழி தேடி நகர வேண்டியிருக்கிறது. ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது புண்ணை ஈரமாக வைத்து, வெள்ளியையும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

[காட்சி: குழாயடி. சோப்பு, ஓடும் தண்ணீர்.]

இந்த இடத்தைத் தயவுசெய்து தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். சீழிலும் ரத்தத்திலும் உள்ள புரதமும் உப்பும் வெள்ளியைப் பிடித்து முடக்கிவிடும். காப்பித்தூளும் மண்ணும் உள்ளே இருக்க, மேலே எவ்வளவு விலையுள்ள ஜெல் தடவினாலும் வீண். முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். அப்புறம்தான் ஜெல், அதுவும் மெல்லிசாக.

இன்னொன்று, வெள்ளிக்குக் கிருமி எது, நம் புதுத்தோல் செல் எது என்று முழுதாகப் பிரித்தறியத் தெரியாது. கிருமி அடங்கிய பிறகும் தடவிக்கொண்டே இருந்தால் புண் ஆறுவது தாமதமாகலாம். டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

நாயோ குரங்கோ கடித்தால் ஜெல்லைத் தேடாதீர்கள். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரேபிஸுக்காகவே 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் நம் குன்னூரில்தான் இருக்கிறது. அந்த மலையில் இருந்துகொண்டு ஊசி போடாமல் யாரும் உயிரை விடக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் காலில் புண் வந்தால், வலிக்கவில்லை என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அத்தையின் விரல் ஆறிவிட்டது. மிச்சமிருக்கும் ஜெல்லை அடுத்த கவாத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். குழாயின் வாய் சீழ் வைத்த புண்ணில் பட்டிருக்கிறது. வேண்டாம் அத்தை, தூக்கிப் போட்டுவிடுங்கள். கூடையில் ஒரு சோப்புத் துண்டும், துவைத்து உலர்த்திய துணியும் வைத்திருங்கள்.