ஒரு ஷில்லிங் விமர்சனம்

வணக்கம். புத்தகம் படித்து அபிப்பிராயம் சொல்ல பத்து வயது மகனுக்குக் கூலி கொடுத்த ஒரு அப்பாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் ஸ்டான்லி அன்வின். லண்டனில் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்தை நடத்தியவர். சிறுவர் புத்தகம் தேறுமா தேறாதா என்று சொல்ல ஒரு சிறுவனை விட்டால் வேறு ஆளில்லை என்பது அவர் கட்சி. அதனால் அப்படிப்பட்ட பிரதி ஏதாவது வந்தால் மகன் ரேய்னர் கையில் கொடுத்துவிடுவார். எழுதித் தரும் அறிக்கைக்கு ஒரு ஷில்லிங்.

1936 அக்டோபரில் வந்த தட்டச்சுப் பிரதி 'ஹாபிட்'. எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் டோல்கீன். வளைக்குள் சுகமாக வாழும், ஹாபிட் என்ற குட்டை இனத்தைச் சேர்ந்தவன் பில்போ. அவன் வீட்டுக்கு 13 குள்ளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, இருப்பதையெல்லாம் தின்று தீர்க்கிறார்கள். கடைசியில் அவனையும் இழுத்துக்கொண்டு, டிராகன் காக்கும் புதையலைத் தேடிப் போகிறார்கள்.

ரேய்னரின் அறிக்கை அக்டோபர் 30 தேதியிட்டது. ரொம்பச் சின்னது. கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறான். எழுத்துப்பிழைக்குப் பஞ்சமில்லை. 'எக்ஸைட்டிங்'கில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டான். டிராகன் மலையைக் 'கார்ட்ஸ்' செய்கிறது (காக்கிறது) என்ற இடத்தில் அந்தச் சொல்லை அடையாளமே தெரியாதபடி ஆக்கிவிட்டான். சண்டையெல்லாம் முடிந்து பில்போ வீடு திரும்புகிறான் என்று எழுதி, ஒரு கோடு போட்டு, "பணக்காரனாக!" என்று ஆச்சரியக்குறி வைக்கிறான். நீதி, படிப்பினை எதுவும் கிடையாது. அப்புறம் தீர்ப்பு: வரைபடங்கள் இருந்தால் போதும், படங்கள் வேண்டாம். புத்தகம் நன்றாக இருக்கிறது. 5 முதல் 9 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

கவனித்தீர்களா? தீர்ப்புச் சொன்னவனுக்கு வயது பத்து. குழந்தைகள் வரிசையை ஒன்பதோடு முடித்துத் தான் வெளியே வந்துவிட்டான். ஆறாங்கிளாஸ் போனவன் அஞ்சாங்கிளாஸ் பையனைப் பார்க்கிற பார்வை!

எனக்கு அந்த வரைபட வரிதான் ரொம்பப் பிடிக்கும். டிராகனை அவனுக்கு யாரும் வரைந்து காட்ட வேண்டாம், அதை அவனே பார்த்துக்கொள்வான். ஆனால் மலை எந்தப் பக்கம், காடு எங்கே முடிகிறது, இதெல்லாம் திட்டமாகத் தெரிய வேண்டும். (பதிப்பகம் அவன் பேச்சை முழுசாகக் கேட்கவில்லை. டோல்கீனே வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களோடுதான் 1937 செப்டம்பர் 21 அன்று புத்தகம் வந்தது. முதல் அச்சின் 1,500 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்துவிட்டன.)

மாயக்கதை படிக்கிற பிள்ளை எதைச் சொன்னாலும் நம்பும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாட்சி டோல்கீன் வீட்டிலேயே இருக்கிறது. புத்தகமாவதற்கு முன் அவர் தன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நாலைந்து வயது கிறிஸ்டோபர் குறுக்கே பேசினான். போன தடவை பில்போ வீட்டுக் கதவு நீலம் என்றீர்கள், இப்போது பச்சை என்கிறீர்கள். குள்ளர் தலைவன் தோரினின் முக்காட்டுக் குஞ்சம் அன்றைக்குத் தங்கம், இன்றைக்கு வெள்ளியா? அப்பா வாய்க்குள் திட்டிக்கொண்டே எழுந்து போய்க் குறித்து வைத்தார். "பாட்டி, ஏழு கடல்னு சொன்னே, ஆறுதானே தாண்டினான்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! டிராகன் பேசும் என்றால் பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்கள். கதவின் நிறம் மாறினால் மட்டும் விடமாட்டார்கள்.

அதே கிறிஸ்டோபர் 1938-இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, அச்சான புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலையை அப்பா கொடுத்தார். தப்பு ஒன்றுக்கு இரண்டு பென்ஸ்.

போன மாதம் என் அக்கா பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். எட்டு வயது. மந்திரவாதி, டிராகன் எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. "அத்தனை பேரும் சாப்பிட்டாங்களே, பாத்திரம் யாரு கழுவினா?" என்றாள். புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்கிறது! குள்ளர்களே கழுவுகிறார்கள். தட்டை உடைப்போம், கண்ணாடியை நொறுக்குவோம் என்று பாடிப் பில்போவைப் பதற வைத்துக்கொண்டு, ஒன்றுகூட உடையாமல் கழுவி அடுக்குகிறார்கள். எதிரே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிப் பழகியவருக்குத்தான் இந்தக் கேள்வி முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இந்தக் கண்டிப்பு அவரையும் தொற்றிக்கொண்டது என்பது என் ஊகம். முதல் பதிப்பில், பில்போவோடு நடக்கும் விடுகதைப் போட்டியில் தோற்றால் தன் மாய மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக கொல்லம் என்ற பிராணி ஒப்புக்கொள்கிறது. அடுத்து எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற பெரிய கதையில் அதே மோதிரம் யாரும் லேசில் மனமுவந்து கொடுக்க முடியாத கொடிய பொருளாகிவிட்டது. 1951-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்றினார். சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பழைய கதை என்ன ஆவது? அது பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே ஒரு காரணம் வைத்தார். நீலக் கதவுக்கு மாட்டிக்கொண்டவர் அல்லவா?

ரேய்னரும் லேசில் விடவில்லை. அந்தப் பெரிய கதையின் ஆரம்ப அத்தியாயங்களை 1938-இல் அவனிடம் காட்டினார்கள். ஹாபிட்டுகள் ரொம்பப் பேசுகிறார்கள் என்றான், வயது பன்னிரண்டு. பேச்சுதான் எனக்குப் பிடித்தமானது, இருந்தாலும் குறைத்துக்கொள்கிறேன் என்கிற தோரணையில் டோல்கீன் பதில் எழுதினார்.

எழுதி முடித்த அந்தக் கதை 1952-இல் பதிப்பகத்துக்கு வந்தபோது ரேய்னர் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டுக் கணக்குப் போட்டார். 1,000 பவுண்டு நஷ்டம் வரலாம். ஷில்லிங்கில் சொன்னால் 20,000. அப்பா அப்போது ஜப்பானில் இருந்தார். இது மேதையின் படைப்பு, ஆனால் ஆயிரம் பவுண்டு போய்விடலாம் என்று அவருக்கு எழுதினார். மேதையின் படைப்பு என்று நீ நம்பினால் அந்த ஆயிரத்தை இழக்கலாம் என்று பதில் வந்தது. 1954-இல் முதல் பாகம் வெளியானது. போன பணம் ஒன்றுமில்லை, வந்ததைத்தான் எண்ணி முடியவில்லை.

சிறுவயது அறிக்கையைப் பற்றி ரேய்னரிடம் பிற்காலத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்துக்கு வந்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் அச்சுக்கு அனுப்ப அது போதுமானதாக இருந்தது என்றார். அந்த ஷில்லிங்கை உழைத்துத்தான் வாங்கினேன் என்றும் சொன்னார்.