விகாரி வருடத்துத் தேர்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழில் கலைக்களஞ்சியம் என்றால் பெரியசாமித் தூரன் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அவரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த பத்துத் தொகுதிகளில் முதலாவது 1954-இல் வெளிவந்தது, கடைசி 1968-இல். அதற்கும் முன்பே, 1910-இல், சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி அச்சேறிவிட்டது. எல்லாம் மலைக்க வைக்கும் உழைப்பு. ஆனால் அச்சில் ஒரு பிழை நுழைந்துவிட்டால் மறுபதிப்பு வரும்வரை அது அங்கேயேதான் கிடக்கும்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தக் காத்திருப்பு இல்லை. பிழை கண்ட நிமிடமே நீங்கள் திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிவிடும். அதை இயக்கும் மீடியாவிக்கி கட்டற்ற மென்பொருள்; யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டமும் அதையே பயன்படுத்துகிறது. கட்டுரைகளையும் யாரும் எடுத்தாளலாம்; மூலத்தைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் புத்தகமாக விற்கவும் செய்யலாம். விற்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. விற்கட்டுமே, நாலு பேர் படிப்பார்கள்.

சண்டை வருவது வேறு இடத்தில். ஒருவர் ஆசையாகத் தம் ஊரைப் பற்றி எழுதுகிறார்: கோயில் தேர் விகாரி வருடத்தில் செய்தது என்று. அடுத்த நாளே அந்த வரிக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒரு குறிப்பு முளைக்கிறது. "எங்க தாத்தா சொன்னார், அது பத்தாதா?" என்று கோபப்படுகிறார்.

பத்தாது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை விகாரி திரும்பி வரும். 1899-ஆ, 1959-ஆ? தாத்தா சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு சாதிப் பெருமைக் கதையும் வரலாறாகிவிடும். விதி சரிதான். ஆனால் அது யாரை அடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு, தலைவர்களுக்கு வாழ்க்கை வரலாறு உண்டு; தெருக்கூத்து வாத்தியாருக்கு என்ன இருக்கிறது?

அங்கேதான் பரணில் கிடக்கும் மலர்கள் கைகொடுக்கின்றன. கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், நாடக சபாவின் வெள்ளி விழா மலர். அந்தத் தேர் வெள்ளோட்டத்துக்கு ஒரு மலர் போட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்டை கிழிந்து ஆண்டு போயிருக்கும். ஆனால் பின்பக்கத்துப் பாத்திரக்கடை விளம்பரத்தில் மூன்று இலக்கத்தில் ஒரு போன் நம்பர் இருக்கும். 1899-இல் அந்த ஊரில் ஏது போன்? அதனால் விளம்பரப் பக்கங்களையும் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

அப்புறம், ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளின் வேலை. பழைய அச்சில் துணைக்காலையும் ரகரத்தையும் அது குழப்பிக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் தும்பிக்கை போல் சுழித்த லை, ணை வந்தால் திணறும். கண்ணால் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் வீட்டிலிருந்தே, நேரம் கிடைக்கும்போது, பக்கம் பக்கமாகச் செய்யலாம்.

ஒன்று மட்டும் கவனம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. மலரை வெளியிட்ட கோயில் கமிட்டியும் சபாவும் இன்னும் இருந்தால் அவர்களையும், கட்டுரை எழுதியவர்களையோ அவர்களின் வாரிசுகளையோ கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே இணையத்தில் ஏற்றுங்கள். நன்றி, வணக்கம்.